ஆவணம் எங்கே, அமைச்சரே?

மக்களாட்சியைப் பற்றிய பாடநூல் எதைப் புரட்டினாலும் ஒரு கோட்பாடு தவறாமல் கண்ணில் படும். அமைச்சர் மன்றத்துக்குப் பொறுப்பானவர். தம் துறையில் நேரும் தவறு எதுவாயினும் அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிடில் பதவியை விட்டு இறங்க வேண்டும் என்பது அக்கோட்பாடு. கேட்க இனிக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனால், எவர் சொன்னாலும் ஆராய்ந்து பார்த்த பின்பே ஏற்பது என்று உறுதி பூண்ட நாம், இதை மட்டும் ஆராயாமல் ஏற்பானேன்? இக்கோட்பாடு பிறந்து வளர்ந்த பிரிட்டனிலேயே அது எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். நல்வாழ்வு, நகரமைப்பு, காட்டுயிர் ஆகிய மூன்று துறைகளிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன், கோட்பாட்டின் பெருமைக்குச் சான்றாக நூலாசிரியர்கள் காட்டும் நிகழ்ச்சியைப் பார்த்துவிடுவது முறை. டார்செட் வட்டாரத்தில் கிரிச்செல் டவுன் என்றோர் இடம். அங்கே 725 ஏக்கர் நிலத்தை, விமானப் படையினர் குண்டு வீசிப் பழகுவதற்கென்று 1938-இல் அரசு எடுத்துக்கொண்டது. தேவை தீர்ந்ததும் உடையவர்களுக்கே திருப்பித் தருவோம் என்று 1941-இல் வாக்களிக்கப்பட்டது. போர் முடிந்தது, நிலம் வேளாண் அமைச்சகத்தின் கைக்குப் போயிற்று, வாக்குறுதி காற்றில் போயிற்று. நிலத்துக்கு உரிமை கோரிய குடும்பத்தார் விடவில்லை. பொது விசாரணை நடந்தது. அதிகாரிகளின் போக்கு அம்பலமாயிற்று. 1954 ஜூலை 20-ஆம் நாள் வேளாண் அமைச்சர் சர் தாமஸ் டக்டேல் மன்றத்தில் எழுந்து, பதவி விலகுவதாக அறிவித்தார்.

அந்த மரபு இங்கேயும் வந்தது. 1956 நவம்பரில் அரியலூரில் இரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் 1 கோடியே 24 இலட்சம் ரூபாய் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்ட விவகாரத்தை 1957 டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா வெளிப்படையாக விசாரித்துச் சில வாரங்களுக்குள் அறிக்கை தந்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். சில ஆண்டுகளில் அவர் மீண்டும் அமைச்சரானது வேறு கதை.

பார்த்தீர்களா, கோட்பாடு உயிரோடு இருக்கிறது என்பார்கள். நாம் கேட்பது வேறு கேள்வி. அவர்கள் ஏன் விலகினார்கள்? சாஸ்திரியின் விலகல் மனச்சான்றின்பாற்பட்டது என்றே கொள்வோம். மனச்சான்று மனிதருக்கு மனிதர் மாறும். அதை நம்பி ஓர் ஆட்சிமுறையை அமைக்க இயலாது. மற்ற இரண்டிலும் நடந்ததைப் பாருங்கள். கோப்புகள் வெளியே வந்தன. ஆராய்ந்தவர் அமைச்சருக்குக் கட்டுப்படாதவர். முடிவும், அமைச்சர் நாற்காலியில் இருக்கும்போதே வந்தது. ஆவணம், ஆய்வாளர், காலம் ஆகிய மூன்றும் மக்கள் பக்கம் நின்றதால்தான் அமைச்சர் பதில் சொன்னார். இம்மூன்றில் ஒன்றைப் பறித்துவிட்டால் கோட்பாடு என்ன ஆகிறது என்பதைத்தான் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

காலம் கடத்தப்பட்ட கதை

ஹீமோபிலியா என்பது குருதி உறையாத குறை நோய். அந்நோயாளிகளுக்குக் குருதி உறையச் செய்யும் மருந்துப்பொருள் ஒன்று 1970-களில் வந்தது. பல்லாயிரம் பேர் தந்த பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து அதைத் தயாரித்தார்கள். அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு இறக்குமதியான சரக்கில், காசுக்குக் குருதி விற்றவர்களின் பிளாஸ்மாவும் சிறைக்கைதிகளின் பிளாஸ்மாவும் கலந்திருந்தன. ஒருவருக்கு நோயிருந்தால் அந்தக் கலவை முழுவதும் கெடும். வெளிநாட்டுச் சரக்கை நம்பாமல், தேவையானதை உள்நாட்டிலேயே தயாரித்துக்கொள்வோம் என்று 1975-இல் நல்வாழ்வுத் துறை அமைச்சர் டேவிட் ஓவன் அறிவித்தார். குறித்த காலத்தில் அது நிறைவேறவில்லை. ஹெபடைடிஸ் சி பரவியது, பிறகு எச்.ஐ.வி.யும் பரவியது. மகப்பேற்றிலும் அறுவை மருத்துவத்திலும் குருதி ஏற்றிக்கொண்டவர்களும் தப்பவில்லை. 1970 முதல் 1990-களின் தொடக்கம் வரை நோய் தொற்றியவர்கள் 30,000-க்கு மேல். மாண்டவர்கள் ஏறத்தாழ 3,000 பேர்.

ஹாம்ப்ஷயரில் டிரெலோர் என்னும் பள்ளி. ஹீமோபிலியா உள்ள சிறுவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். பள்ளி வளாகத்திலேயே மருத்துவமும் பெற்றார்கள். 1970-க்கும் 1987-க்கும் இடையே அங்கே பயின்ற அத்தகைய மாணவர்கள் 122 பேர். விசாரணை அறிக்கை வெளிவந்த நாளில் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 30 பேரே! அச்சிறுவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக்குரிய பொருள்களாக நடத்தப்பட்டனர் என்று அறிக்கை கூறிற்று.

இவ்வளவு நடந்தபோது அமைச்சர்கள் என்ன சொன்னார்கள்? குருதிப்பொருள்களால் எய்ட்ஸ் பரவுகிறது என்பதற்கு முடிவான சான்று இல்லை என்று 1983-இல் நல்வாழ்வுத் துறை அமைச்சர் கென்னத் கிளார்க் சொன்னார். அன்றிருந்த அறிவுக்கு ஏற்ற மிகச்சிறந்த மருத்துவமே தரப்பட்டது என்று அடுத்தடுத்து வந்தவர்கள் சொன்னார்கள். இக்கூற்றுகளை அறிக்கை கடுமையாகச் சாடியது.

இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தவறு செய்தால் அடுத்த தேர்தலில் மக்கள் தண்டிப்பார்கள் என்பது வழக்கமான ஆறுதல். பிரிட்டன் மக்கள் 1979-இலும் 1997-இலும் 2010-இலும் ஆட்சியை மாற்றினார்கள். கன்சர்வேடிவ் கட்சி ஆண்டது, லேபர் கட்சி ஆண்டது, கூட்டணியும் ஆண்டது. ஆள் மாறியது, பதில் மாறவில்லை. முன்னவர் எழுதிவைத்த விடையைப் பின்னவர் வாசித்தார். அமைச்சகத்தின் மேசையறையில் அந்த விடை அழியாமல் இருந்தது, அழிந்தவை வேறு. டேவிட் ஓவன் பிற்காலத்தில் தம்முடைய பழைய தாள்களைத் தேடியபோது, அவை அழிக்கப்பட்டுவிட்டன என்று முன்னாள் அமைச்சராகிய அவருக்கே விடை வந்தது. உண்மை வெளிவருவதைக் கடினமாக்கும் நோக்கத்துடனேயே நல்வாழ்வுத் துறையின் கோப்புகள் சில அழிக்கப்பட்டன என்று விசாரணை பிற்பாடு கண்டது.

விசாரணையே எளிதில் கிட்டவில்லை. நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் பல பத்தாண்டுகள் கதவு தட்டினார்கள். 2017 தேர்தலில் தெரேசா மேயின் அரசு தனிப் பெரும்பான்மையை இழந்தது. எதிர்க்கட்சிகள் ஒன்றாக நின்று கேட்டன. அந்த ஜூலையில்தான் விசாரணை அறிவிக்கப்பட்டது. இழப்பீட்டைப் பங்கிடத் தனி அமைப்பு வேண்டும் என்ற திருத்தம் 2023 டிசம்பரில் 246-க்கு 242 என்ற வாக்குகளில், அரசின் விருப்பத்துக்கு மாறாக, வென்றது. வேறுபாடு நான்கே வாக்குகள்! 2024 மே 20-ஆம் நாள் சர் பிரையன் லாங்ஸ்டாஃப் இறுதி அறிக்கையை வெளியிட்டார். நடந்ததில் மூடிமறைப்பு இருந்தது என்று அதில் எழுதினார். அன்றே பிரதமர் ரிஷி சுனக் மன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த அக்டோபரில் இழப்பீட்டுக்கென 1,180 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது.

மன்னிப்புக் கேட்டவர், தவறு நடந்த நாளில் பள்ளிச் சிறுவர். தவறு நடந்த நாளில் ஆண்டவர்களோ, மன்னிப்புக் கேட்கும் நாளில் பதவியில் இல்லை. பொறுப்பு என்பது இப்படிப் பாட்டன் பட்ட கடனைப் பேரன் அடைக்கும் கணக்காகிவிட்டால், எந்த அமைச்சர் எதற்கு அஞ்சுவார்? பிரான்சில் இதே குருதி விவகாரத்தில் முன்னாள் அமைச்சர்கள் மூவர் 1999-இல் தனி நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். இருவர் விடுதலையாயினர், ஒருவர் குற்றவாளியென முடிவாகியும் தண்டனையின்றி விடப்பட்டார். அதிலும் குறையுண்டு, எனினும் கேள்வி, கேட்கப்பட வேண்டியவர்களிடமே கேட்கப்பட்டது.

கோப்பு கைக்கு வந்த கதை

இனி நகரமைப்புத் துறை. இலண்டன் மாநகரின் கிழக்கே டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரம். வறுமையும் வானளாவிய கட்டடங்களும் தோளோடு தோள் நிற்கும் இடம். அங்கே வெஸ்ட்ஃபெர்ரி அச்சகம் இருந்த மனையில் 1,500-க்கு மேற்பட்ட வீடுகள் கட்ட, செல்வர் ரிச்சர்ட் டெஸ்மண்டின் நிறுவனம் அனுமதி கேட்டது. ஏறத்தாழ 100 கோடி பவுண்டுத் திட்டம். எளியவர்க்கு ஒதுக்கிய வீடுகள் போதா முதலிய காரணங்களால், அனுமதி மறுக்கலாம் என்று திட்ட ஆய்வாளர் பரிந்துரைத்தார். வீட்டுவசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் அப்பரிந்துரையைத் தள்ளிவிட்டு, 2020 ஜனவரி 14-ஆம் நாள் அனுமதி அளித்தார். மறுநாள், உள்ளாட்சி மன்றத்தின் புதிய கட்டமைப்பு வரி நடைமுறைக்கு வர இருந்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் நிறுவனம் கோடிக்கணக்கான பவுண்டு கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டும். அத்தொகை, அவ்வட்டாரத்து மக்களின் பொது வசதிகளுக்குச் சேர வேண்டிய தொகை.

உள்ளாட்சி மன்றம் நீதிமன்றம் சென்றது. முடிவெடுத்த முறை குறித்த ஆவணங்களைக் கேட்டது. வழக்கு முழு விசாரணைக்கு வருமுன்பே, 2020 மே மாதத்தில், ஓரவஞ்சனை இருந்ததாகத் தோன்ற இடமுண்டு என்ற அடிப்படையில் தம் முடிவு சட்டத்துக்கு ஒவ்வாது என்று அமைச்சர் ஒப்புக்கொண்டார். அனுமதி செல்லாததாயிற்று. அதோடு முடிந்துவிட்டதாக ஆளவந்தார் கருதினர். எதிர்க்கட்சி அப்படிக் கருதவில்லை. மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து ஆவணங்களைக் கேட்டது. ஜூன் 24-ஆம் நாள் அவை வெளியிடப்பட்டன.

அவற்றில் என்ன இருந்தது? 2019 நவம்பரில் ஆளுங்கட்சியின் நிதி திரட்டும் விருந்தில் அமைச்சரும் செல்வரும் ஒரே மேசையில் அமர்ந்ததும், திட்டத்தின் விளம்பரப் படம் கைப்பேசியில் காட்டப்பட்டதும், பின்னர் இருவரிடையே குறுஞ்செய்திகள் சென்றதும் தெரியவந்தன. மார்க்சியவாதிகளுக்கு வீணாகப் பணம் கொடுக்க விருப்பமில்லை என்னும் பொருள்பட, உள்ளாட்சி மன்றத்தைச் சுட்டிச் செல்வர் எழுதியிருந்தார். வரி நடைமுறைக்கு வருமுன் முடிவு வெளியாக வேண்டும் என்று அமைச்சர் விரைவுபடுத்தியதை அதிகாரிகளின் மடல்கள் காட்டின. அனுமதி கிடைத்த இரு வாரங்களில் செல்வர் ஆளுங்கட்சிக்கு 12,000 பவுண்டு நன்கொடை தந்ததும் நாடறிந்தது. தாம் தவறிழைக்கவில்லை, வீடுகள் பெருக வேண்டும் என்பதே தம் நோக்கம் என்றார் அமைச்சர். பிரதமர் போரிஸ் ஜான்சன், விவகாரம் முடிந்தது என்றார். 2021 செப்டம்பர் வரை ஜென்ரிக் அப்பதவியிலேயே நீடித்தார்.

அமைச்சர் பதவி இழக்கவில்லையே, என்ன பயன் என்று தோழர்கள் கேட்கலாம். பயன் உண்டு. குருதி விவகாரத்தில் பல பத்தாண்டுகள் எடுத்தது, இங்கே ஆறு மாதத்துக்குள் முடிந்தது. தவறான அனுமதி, ஒரு செங்கல் வைக்குமுன்பே செல்லாததாயிற்று. உள்ளாட்சி மன்றத்தினர் ஒழுக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றவில்லை. கடிதங்களைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். சினத்தைச் சமாளிக்க அமைச்சர்களுக்குத் தெரியும். தேதியிட்ட கடிதத்தைச் சமாளிப்பது அவ்வளவு எளிதன்று.

ஆய்வாளரை அகற்றிய கதை

மூன்றாவது, காட்டுயிர். பேட்ஜர் என்பது இங்கிலாந்தின் புதர்க்காடுகளில் வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை படர்ந்த ஒரு விலங்கு. மாட்டுக் காசநோயை அது சுமக்கிறது, மாடுகளுக்கும் பரப்புகிறது. அந்நோயால் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பல்லாயிரம் மாடுகளைக் கொல்ல நேர்கிறது. மாட்டை இழந்த உழவரின் வேதனை பொய்யன்று. ஆகவே பேட்ஜரைக் கொன்றால் நோய் குறையுமா என்ற கேள்வி நியாயமான கேள்வி.

அக்கேள்விக்கு அறிவியல் முறைப்படி விடை தேட அந்நாடு முனைந்தது பாராட்டத்தக்கது. 1998-இல் ஒரு பெருஞ்சோதனை தொடங்கியது. சில வட்டாரங்களில் கொன்றார்கள். சிலவற்றில் கொல்லாமல் விட்டு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 11,000 பேட்ஜர்கள் மடிந்தன. பேராசிரியர் ஜான் போர்ன் தலைமையிலான தனி அறிவியல் குழு 2007 ஜூனில் முடிவைச் சொன்னது. கொன்ற வட்டாரத்துக்குள் நோய் சிறிது குறைகிறது; ஆனால் கூட்டம் கலைந்து எஞ்சியவை அலைவதால் சுற்றுப்புறத்தில் நோய் கூடுகிறது; எனவே மாட்டுக் காசநோயைக் கட்டுப்படுத்துவதில் இக்கொலையால் குறிப்பிடத்தக்க பயன் விளையாது என்பது அம்முடிவு.

ஆயினும் 2013-இல், சாமர்செட், குளோஸ்டர்ஷயர் வட்டாரங்களில் முன்னோட்டமாகக் கொலை தொடங்கியது. ஆறு வாரத்தில் 70 விழுக்காடு பேட்ஜர்களைக் கொல்வது இலக்கு. எட்டவில்லை. பேட்ஜர்கள் எல்லைக் கம்பத்தை நகர்த்திவிட்டன என்று விளையாட்டுத் திடல் மொழியில் விடை சொன்னார் சுற்றுச்சூழல் அமைச்சர் ஓவன் பேட்டர்சன்! தோற்றதற்குக் காரணம் திட்டமன்றாம், விலங்காம். முன்னோட்டத்தை மதிப்பிட அரசே அமைத்த தனி வல்லுநர் குழு 2014-இல் அறிக்கை தந்தது. சுட்டுக் கொல்லும் முறையால் பாதி விலங்குகளைக் கூட ஆறு வாரத்தில் கொல்ல முடியவில்லை. சுடப்பட்டவற்றுள் 7.4 முதல் 22.8 விழுக்காடு வரை ஐந்து நிமிடம் கழித்தும் உயிரோடு துடித்தன. 5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது வகுத்துவைத்த அளவு. திறமும் இல்லை, இரக்கமும் இல்லை என்று இரு தேர்விலும் திட்டம் தோற்றது.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கொலை தொடர்ந்தது, குழு தொடரவில்லை. அடுத்த ஆண்டு முதல் தனி வல்லுநர் குழுவின் மேற்பார்வை கைவிடப்பட்டது. மதிப்பெண் குறைந்த மாணவன், தேர்வாளரையே பள்ளியை விட்டு அனுப்பிய கதை இது. நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் தோற்றது. திட்டம் வட்டாரம் வட்டாரமாக விரிந்தது. 2013 முதல் கொல்லப்பட்ட பேட்ஜர்கள் 2 இலட்சத்துக்கும் மேல். 2024-இல் பதவிக்கு வந்த அரசு, அந்த நாடாளுமன்றத்தின் ஆயுளுக்குள் கொலையை முடிப்பதாக அறிவித்தது.

கொலை நடந்த வட்டாரங்களில் நோய் பாதிக்கு மேல் குறைந்தது என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வைச் சிலர் காட்டுவார்கள். அதையும் நாம் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதே காலத்தில் மாடுகளுக்குக் கடுமையான சோதனை முதலிய பிற நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டன. குறைந்தது எதனால் என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாட்டை வைத்துக்கொள்ளாமல் திட்டத்தை நடத்தினால் இதுதான் நேரும். திட்டம் வென்றதா தோற்றதா என்று நண்பரும் நிறுவ முடியாது. பகைவரும் நிறுவ முடியாது. பொறுப்பிலிருந்து தப்ப அமைச்சருக்கு இதைவிட வசதியான இடம் வேறு எது?

நாம் கேட்க வேண்டியவை

அமைச்சர் எத்தனை ஆயிரம் கோப்புகளைத்தான் பார்ப்பார், அதிகாரி செய்த பிழைக்கு அவரைப் பிடிக்கலாமா என்று சிலர் பரிந்து பேசுவர். நாம் அமைச்சரின் தலையைக் கேட்கவில்லை. எவர் பிழை என்று காட்டும் கோப்பைக் கேட்கிறோம். பிழை செய்யாதவரைக் காப்பதும் அந்தக் கோப்புத்தான்.

மதுரை மன்றத்தில் கண்ணகி வென்றது எதனால்? மதுரை தீப்பற்றியதை நாம் நம்பத் தேவையில்லை. அவள் கையிலிருந்த ஒற்றைச் சிலம்பை மறக்கவும் தேவையில்லை. அழுகையோடு மட்டும் வந்திருந்தால் காவலர் அவளை வெளியே தள்ளியிருப்பர். சான்றோடு வந்தாள், சிலம்பை உடைத்துக் காட்டினாள், மன்னன் வாயடைத்தான். ஆனால் அதற்குள் கோவலன் வெட்டுண்டு கிடந்தான் என்பதும் அக்கதையில் உண்டு. சான்று வந்தும் காலம் தவறினால் என்ன மிஞ்சும் என்பதை டிரெலோர் பள்ளி மாணவர்களின் குடும்பத்தார் அறிவர்.

பிரிட்டனில் தகவல் அறியும் சட்டம் 2005 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் எளிய குடிமகன் அமைச்சகத்தின் கோப்பைக் கேட்கலாம் என்பது சிறிய உரிமையன்று. ஆனால் 2019-இல் ஒரு திருத்தம் வந்தது. தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் வரையறுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கைக்குச் சென்றது. 2023-இல் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் பற்றிய செய்தி என்று காரணம் காட்டி மறுப்பதற்கான இடத்தை அகலப்படுத்தியது. முதலாவது திருத்தம் ஆய்வாளரைத் தொடுகிறது. இரண்டாவது ஆவணத்தைத் தொடுகிறது. மேலே சொன்ன கதைகளைப் படித்தவர்களுக்கு இவற்றின் பொருள் விளங்காமற் போகாது.

ஆகவே தோழர்களே! மருத்துவமனையானாலும், மனைத் திட்டமானாலும், காட்டு விலங்கானாலும், அமைச்சர் மேடையேறி வாக்களிக்கும்போது கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த முடிவுக்கு ஆதாரமான தாள் எங்கே, அதை நாங்கள் பார்க்கலாமா? இதன் விளைவை ஆராயப் போகிறவர் யார், அவரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? எந்தத் தேதிக்குள் கணக்குக் காட்டுவீர்கள்? எழுத்தில் கேளுங்கள். வந்த விடையைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். விடை வராவிட்டால், வராத நாளையும் குறித்துவையுங்கள். அமைச்சகத்தின் அலமாரியில் கோப்பு அழியலாம். ஊர்ப் படிப்பகத்தின் அலமாரியில் அதன் படியொன்று இருக்கட்டும்.